சூட்டில் கிளம்பாத 911: முதலில் எதை வாங்குவது?

1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி காலைக் குளிரில் சட்டென்று கிளம்பிவிடும். அதே கார் நெடுந்தூரம் ஓடி, அரை மணி நின்றபின் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பெட்ரோல் பம்பின் செக் வால்வை மாற்று என்பார் ஒருவர். அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்குமுலேட்டரை மாற்று என்பார் இன்னொருவர். ஹாட் ஸ்டார்ட் ரிலே ஒன்றைப் போட்டுவிடு என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்குப் பொருந்தும். அது உங்கள் கார்தானா என்று சொல்லக்கூடியது பிரஷர் கேஜ் ஒன்றுதான். ஆகவே, முதலில் வாங்க வேண்டியது அதை.

இந்தக் காரில் இருப்பது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். எஞ்சின் ஓடும்வரை இஞ்செக்டர்கள் இடைவிடாமல் பெட்ரோலைத் தெளிக்கும் இயந்திர அமைப்பு அது. ஓடும்போது சிஸ்டம் பிரஷர் ஏறத்தாழ 5 பார். எஞ்சினை நிறுத்தியதும் அழுத்தம் இஞ்செக்டர் திறக்கும் அளவுக்குக் கீழே இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். ஏனென்றால் காற்றால் குளிரும் இந்த எஞ்சினில் விசிறியும் கூடவே நின்றுவிடுகிறது. வண்டி ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பிறகுதான் எஞ்சின் அறை அதிகம் சூடாகிறது. அழுத்தம் இருந்தால் அந்தச் சூட்டிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் கசிந்துபோனால் குழாய்க்குள் ஆவியாகிவிடும், இஞ்செக்டருக்கு வருவது குமிழிதான். நன்றாக ஆறிய பிறகு கார் ஒழுங்காகக் கிளம்புவதற்கும் இதுவே காரணம்.

கேஜை மாட்டுமுன் கோளாறு பெட்ரோல் பற்றாததா, மிஞ்சியதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். தீப்பொறி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கரும்புகையோடு பிடிக்கிறதா? அப்படியானால் இஞ்செக்டரோ கோல்ட் ஸ்டார்ட் வால்வோ ஒழுகுகிறது; அக்குமுலேட்டருக்குச் செலவழிப்பது வீண். பம்பைத் தனியாகச் சில நொடிகள் ஓடவிட்டு, பிறகு சாவியைத் திருப்பியதும் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் அழுத்தம்தான் வடிந்திருக்கிறது.

எந்த வழியாக வடிகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும் கேள்வி. கேஜை ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பத்து நிமிடத்திலும் இருபது நிமிடத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து, உங்கள் ஆண்டு மாடலுக்கான ஒர்க்ஷாப் மேனுவலோடு ஒப்பிடுங்கள். கேஜின் வால்வை மூடியபின் அழுத்தம் நின்றால் சந்தேகம் ரெகுலேட்டர் பக்கம் போகிறது. அக்குமுலேட்டரின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பை ஓட்டும்போது பெட்ரோல் வந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது; மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து போகும் ரிட்டர்னை அடைத்ததும் அழுத்தம் நின்றால், அதற்குள் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங். இஞ்செக்டர்களும் கோல்ட் ஸ்டார்ட் வால்வும் சொட்டவில்லை என்றால், மிஞ்சுவது செக் வால்வு.

செக் வால்வு மலிவானதாயிற்றே, அதை மாற்றிப் பார்த்துவிட்டால் கேஜ் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மாற்றியே ஆக வேண்டுமென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அது சரிசெய்யாவிட்டால் அடுத்து அக்குமுலேட்டர், அதற்கடுத்து முழு இஞ்செக்டர் செட் என்று செலவு ஏறும். கேஜின் விலை அதற்குள் எங்கோ மறைந்துவிடும். நாற்பது வயது அக்குமுலேட்டர் எப்படியும் போகத்தானே போகிறது என்ற வாதமும் உண்டு. போகலாம். ஆனால் பெட்ரோல் ஒழுகுவது இஞ்செக்டரில் என்றால் புது அக்குமுலேட்டர் போட்டும் கார் கிளம்பாது.

ரிலே விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சூட்டில் ஸ்டார்ட் செய்யும்போது கோல்ட் ஸ்டார்ட் வால்வை விட்டுவிட்டுத் திறந்து கூடுதல் பெட்ரோல் தருவதுதான் அதன் வேலை. வேறு சில நிறுவனங்களின் கார்களில் அது தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்பது உண்மை. ஆனால் அவற்றில் அது அழுத்தம் காக்கும் பாகங்களுக்குத் துணையாக இருந்தது, அவற்றுக்கு மாற்றாக அல்ல. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எளிதில் ஆவியாகிறது என்பதும் உண்மையே. அதனாலேயே அழுத்தம் ஒழுங்காக நிற்பது முன்னைவிட முக்கியமாகிறது. கேஜில் எல்லாம் சரியாக இருந்தும் கோடையில் தொல்லை தந்தால் ரிலேயைப் பற்றி யோசியுங்கள், அதற்கு முன் வேண்டாம். குழாயைத் திறக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.