திரை கறுத்துவிட்டதா? எந்த அடுக்கு என்று பாருங்கள்

கூலிமுக்கு அருகே ஒரு தோட்ட வீட்டில், தம்பியின் கையிலிருந்து நிண்டெண்டோ சுவிட்ச் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்துப் பார்த்தால் மேலே கீறல்கூட இல்லை. ஆனால் மூலையில் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு. பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு. உடனே இணையத்தில் ‘சுவிட்ச் திரை’ என்று தேடி, மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடுவார்கள் பலர். வந்து சேர்வது பெரும்பாலும் வேறு பாகமாக இருக்கும்.

ஏனென்றால் திரை என்பது ஒரே பொருள் அல்ல. 2017இல் வெளிவந்த முதல் சுவிட்சில் 6.2 அங்குலத் திரையின் மேற்பகுதி தொடுபலகை. அது பிளாஸ்டிக். எளிதில் கீறல் விழும், ஆனால் கண்ணாடிபோல் சிதறாது. அதில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நம் உடலும் மின்கடத்தி என்பதால், விரல் பட்ட இடத்தில் மின்தேக்குதிறன் மாறுகிறது. நகத்தால் தொட்டால் ஏன் வேலை செய்வதில்லை என்று இப்போது புரிகிறதா?

அதற்கு அடியில் இருப்பதுதான் எல்சிடி எனும் திரவப் படிகத் திரை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். நடுவே, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் திரவப் படிகம். பின்னாலிருந்து வரும் விளக்கொளியை முதல் முனைவாக்கித் தாள் ஒரே திசையில் மட்டும் அதிரவிடுகிறது. படிகம் அந்தத் திசையை மாற்றிக் கொடுத்தால்தான் ஒளி இரண்டாவது தாளைத் தாண்டி நம் கண்ணுக்கு வரும். கண்ணாடி விரிசல் விட்டால் படிகத்தின் ஒழுங்கு குலைகிறது; ஒளி தாண்டாது. அதுதான் அந்தக் கறுப்புத் திட்டு. மேலே உள்ள பிளாஸ்டிக் வளைந்து தப்பித்துக்கொள்ள, உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது!

கழற்றுவதற்கு முன்பே சோதிக்கலாம். கறுத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒலி வந்தால் தொடுபலகை நலம். திரை முழுவதும் இருண்டிருந்தால் கைவிளக்கைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் எல்சிடி வேலை செய்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் தாங்கியில் வைத்துத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் தாய்ப்பலகைக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. சுவிட்ச் லைட்டில் இந்த வழி கிடையாது. அது தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பாது. அதில் தொடுபலகையும் எல்சிடியும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை, சேர்த்தே மாற்ற வேண்டும். 2021இல் வந்த ஓஎல்இடி வகையில் பின்விளக்கே இல்லை என்பதால் கைவிளக்குச் சோதனையும் பலிக்காது.

இனி, சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைக்குப் போனால் “திரை போச்சு, அண்ணே” என்று சொல்லாதீர்கள். “தொடுதல் வேலை செய்கிறது, எல்சிடி மட்டும் மாற்ற வேண்டும்” என்று சொல்லி விலை கேளுங்கள்.

நீங்களே கழற்றுவதாக இருந்தால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். பின்மூடி ஸ்குருவின் தலையில் மூன்று கிளைகள் இருக்கும். சாதாரண ஸ்குரு டிரைவர் அதை மழுக்கிவிடும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்யும் அக்கா யாராவது இருந்தால், மணிக்கட்டில் ஏன் பட்டை கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். நம் கைக்கு உறைக்காத நிலைமின்சாரமே சில்லைக் கெடுக்கப் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் அது குறைவு. குளிர்சாதன அறையில் கூடும்.

திறந்ததும் முதல் வேலை மின்கல இணைப்பைக் கழற்றுவது. 4310 மில்லியாம்பியர்-மணி லித்தியம் மின்கலம் அது. தொடுபலகையின் பசையை இளக்கச் சூடு காட்டும்போது அந்தச் சூடு மின்கலத்துக்குப் போகக் கூடாது. மின்கலம் உப்பியிருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம். கழற்றிய பழைய எல்சிடியையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உடைந்த திரையிலிருந்து கசிவு கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.