டைமிங் கவருக்குள் போல்ட் விழுந்துவிட்டதா? காந்தலூரில் என்ன செய்யலாம்

டேப்பெட் கவர் கேஸ்கட் மாற்றும்போது போல்ட் ஒன்று கைநழுவி, டைமிங் கவர் பக்கம் சத்தம் கேட்டு மறைந்துவிட்டால், தேடுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் பழக்கதோஷத்தில் ஒருமுறை செல்ஃப் அடித்தால் போதும், ஐந்து ரூபாய் போல்ட் ஐம்பதாயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

அடுத்தது, மலைக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். காந்தலூர், பெருமலை, கீழாந்தூர் பக்கம் வண்டியை நிறுத்தினால் கை தானாக முதல் கியர் போடும். சரிவுக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளே போல்ட் கிடக்கும்போது கியரில் நிற்கும் வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் கிராங்க் சுற்றும். அதோடு செயினோ பெல்ட்டோ சுற்றும். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போடுங்கள். முடிந்தால் சமதளத்துக்குக் கையால் தள்ளிக்கொண்டு போங்கள்.

இனித்தான் எந்த வழி என்ற கேள்வி வருகிறது. அதற்கான பதில் கவருக்குப் பின்னால் இருப்பது பெல்ட்டா செயினா என்பதில் இருக்கிறது. ஆல்ட்டோ என்ற ஒரே பெயரில் ஓடும் வண்டிகளில்கூட 800க்கு பெல்ட், கே10க்கு செயின். பழைய மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ, இண்டிகா டீசல் எல்லாம் பெல்ட். ஸ்விஃப்ட் டீசல், எம்ஹாக் என்ஜின் போட்ட ஸ்கார்ப்பியோ செயின். பார்த்தும் சொல்லலாம்: பெல்ட் கவர் பெரும்பாலும் பிளாஸ்டிக், உள்ளே எண்ணெய் இருக்காது. செயின் கவர் அலுமினியம் வார்ப்பு, உள்ளே எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

பெல்ட் வண்டியென்றால் உங்கள் பாடு சுலபம். மேல் கவர் சில சின்ன போல்ட்டுகளில் நிற்கிறது. கழற்ற பெல்ட்டைத் தொடவே வேண்டாம். அதற்கும் முன் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து டார்ச் அடியுங்கள். விழுந்த போல்ட் பல நேரம் உள்ளேயே போயிருக்காது; என்ஜின் மவுண்டிங் மேலோ, ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலோ, அடித்தட்டிலோ உட்கார்ந்திருக்கும். அங்கெல்லாம் இல்லை, கீழ்க் கவருக்குள்தான் இருக்கிறது என்றால் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். அது வேறு ரக வேலை, பின்னால் சொல்கிறேன்.

செயின் வண்டிதான் சிக்கல். மேலிருந்து பார்த்தால் ஒரு கிணறு. நடுவில் செயின், இரு பக்கமும் கைடு, ஓரத்தில் டென்ஷனர். கிணற்றின் அடி நேராக ஆயில் சம்ப்பில் திறக்கிறது. போல்ட் கைடின் இடுக்கில் மாட்டியிருக்கலாம், கிராங்க் பல்சக்கரத்தின் பக்கத்து விளிம்பில் நிற்கலாம், அல்லது சம்ப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். போனில் மாட்டும் கேமரா வயர் இப்போது ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கிறது; தலை ஐந்தரை மில்லிமீட்டர் உள்ளதாக வாங்குங்கள். காந்தலூர் இருக்கும் இந்த அஞ்சுநாட்டுப் பகுதியில் ஜீப் ஸ்டாண்டுக்கு ஒன்று பொதுவில் வாங்கி வைத்தால்கூடத் தகும்.

போல்ட் கண்ணில் பட்டால் காந்தக் குச்சிதான் முதல் வழி. கழற்றி வைத்த ஜோடி போல்ட்டை எடுத்து முதலில் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் நான்கு விரல் நகம்போல விரியும் கிளா குச்சியைத் தேடுங்கள், காந்தத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒட்டினால் அடுத்த தொல்லை: காந்தம் போல்ட்டுக்குப் போகும் வழியிலேயே செயினில் ஒட்டிக்கொள்ளும். குச்சியின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப்பை மாட்டி, நுனி மட்டும் வெளியே தெரிய விட்டால் பக்கவாட்டில் ஒட்டாது. ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் ஒட்டவைத்து உள்ளே விடும் யுக்தியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது கழன்று விழுந்தால் தேட வேண்டிய பொருள் இரண்டாகும். அதே காந்தம் நல்ல பலமுள்ளதாக இருந்தால் வெளியிலிருந்து பயன்படும்: அலுமினியக் கவர் காந்தத்தைத் தடுக்காது, அதனால் கவரின் வெளிப்புறம் வைத்து உள்ளே இருக்கும் போல்ட்டை இடுக்கிலிருந்து மெல்ல நகர்த்த முடியும்.

அரை மணி, முக்கால் மணி நேரம் இதற்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் குத்திக்கொண்டிருந்தால் போல்ட் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

கிணற்றில் இல்லையென்றால் சம்ப். ஆயில் ட்ரெயின் நட்டைக் கழற்றி, எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, அந்த ஓட்டை வழியாகவே கேமராவை விடுங்கள். போல்ட் தெரியலாம், காந்தத்தில் வாசல் வரைகூட வரலாம். ஆனால் வாஷரோடு சேர்ந்த அகலத் தலை போல்ட்டென்றால் அந்த ஓட்டையில் நுழையாது. சம்ப்பை இறக்கத்தான் வேண்டும். காரில் இது பாதி நாள் வேலை. சில ஃபோர் வீல் ஜீப்புகளில் முன் ஆக்சில் குறுக்கே நிற்பதால் என்ஜினைத் தூக்கினால்தான் சம்ப் வெளியே வரும். திருப்பி மாட்டும்போது சிலிகான் பேஸ்ட்டை மெல்லிய கோடாகத் தடவச் சொல்லுங்கள். தாராளமாக அப்பினால் உட்பக்கம் பிதுங்கி, துணுக்காக உதிர்ந்து, ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அது இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும். ராத்திரி மாட்டினால் காலையில் எண்ணெய் ஊற்றுங்கள்.

இங்கேதான் யாராவது ஒருவர் சொல்வார்: “விடுங்கண்ணே, அது சம்புல போய் உக்காந்துக்கும். ஆயில் மாத்தும்போது பாத்துக்கலாம்.” இதில் பாதி உண்மை உண்டு. ஆயில் பம்ப்பின் வாயில் வலை இருப்பதால் முழு போல்ட் பம்ப்புக்குள் போகாது. சமவெளியில், போல்ட் சம்ப்பின் அடியில் கிடப்பதைக் கேமராவில் கண்ணால் பார்த்த பிறகு, ஒருவர் மெதுவாக ஒர்க்ஷாப் வரை ஓட்டிப் போனால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். காந்தலூரில் ஒப்புக்கொள்ள முடியாது. இங்கிருந்து மறையூருக்கு இறங்கும் பதினைந்து கிலோமீட்டர் சொச்சமும் வளைவும் சரிவும்தான். என்ஜின் நெடுக்காக நிற்கும் ஜீப், பொலிரோ வகையில் டைமிங் கவர் முன்பக்கம் இருக்கிறது; இறக்கத்தில் சம்ப்பில் கிடக்கும் போல்ட் உருண்டு போகும் திசையும் அதுதான். என்ஜின் குறுக்காக நிற்கும் சின்ன கார்களில் டைமிங் கவருக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் அதைக் கவர் பக்கம் தள்ளும்.

கண்ணால் பார்க்காமல் ‘சம்ப்பில் இருக்கும்’ என்று ஓட்டுவதைப் பற்றி யோசனையே வேண்டாம். போல்ட் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே மாட்டினால் செயின் பல் தாண்டும். டீசல் என்ஜினில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். பெட்ரோலிலும் பலவற்றுக்கு இதே கதிதான்.

கடைசி வழி முன் கவரையே கழற்றுவது. இதை ஊரில் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. கவரின் அடி பெரும்பாலும் சம்ப்போடு ஒட்டியிருப்பதால் அதையும் இறக்க வேண்டிவரும். குறுக்கு என்ஜின் காரில் ஒரு மவுண்டிங்கைக் கழற்றி, என்ஜினைப் பலகையும் ஜாக்கியும் வைத்துத் தாங்க வேண்டும். கிராங்க் புல்லி போல்ட் மகா இறுக்கம். கிராங்க்கை லாக் செய்யாமல் நீளக் குழாய் மாட்டித் திருகினால் கிராங்க்கே சேர்ந்து சுற்றும். எதைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே நம் கையால் செய்த மாதிரி. ஆயில் சீல், கேஸ்கட் புதிதாக வேண்டும், டைமிங் மார்க் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். இத்தனையும் உடுமலையிலோ மூணாறிலோ தேடுவதே நல்லது. இரண்டும் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள்தான்.

அங்கே வண்டியைக் கொண்டுபோக ஜீப்பில் கயிறு கட்டி இழுக்கலாம் என்று ஆள் வருவார்கள். வேண்டாம். என்ஜின் ஓடாத காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். உடுமலை போகும் சின்னார் காட்டு வழியில் நடுவில் நின்றுவிட்டால் யானைக்கும் பதில் சொல்ல வேண்டும். மேடையுள்ள ரிகவரி லாரியைப் பகலில் வரச் சொல்லுங்கள்; வாடகை எவ்வளவு கேட்டாலும் வளைந்த வால்வு செட்டைவிடக் குறைவு.