மூளையின் கொழுப்பு

செருக்குற்றுத் திரிவாரைக் 'கொழுப்பு மிகுந்தவர்' என்று இகழ்தல் நம் நாட்டு வழக்கு. குருதியில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருள் மிகுந்தால் குழாய்கள் கெடும் என்று மருத்துவரும் எச்சரிக்கின்றனர். ஆதலின் கொழுப்பு என்றாலே தீயது என்று மக்கள் எண்ணிவிட்டனர். ஆயினும், கற்றற்கும் கற்றதை நினைத்தற்கும் கருவியாகிய மூளை அக்கொலஸ்டிரால் இன்றி இயங்குதல் இயலாது.

உடலின் எடையை நூறு கூறாக்கினால் மூளை ஏறத்தாழ 2 கூறே ஆகும். உடலிலுள்ள கொலஸ்டிராலிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அச்சிறிய உறுப்பிலேயே தங்கியுள்ளது. மின்கம்பியை ரப்பர் மூடியிருத்தல்போல நரம்பிழைகளை மூடியிருக்கும் மயலின் உறையில் அதன் பெரும்பகுதி அமைந்துள்ளது.

நாம் உண்ணும் நெய்யிலிருந்தோ இது மூளைக்குச் செல்கின்றது? அன்று. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் உண்டு. குருதியில் வரும் கொலஸ்டிராலை அக்காவல் உட்புக விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. விண்மீன் வடிவுடைய துணை உயிரணுக்கள் அதனை ஆக்க, 'அப்போ-ஈ' என்னும் புரதம் சுமையாள்போல அதனைச் சுமந்துசென்று நரம்பணுக்களுக்கு வழங்குகின்றது. மிஞ்சியது சிறிது உருமாற்றப்பெற்றுக் குருதியின் வழியே கல்லீரலை அடைந்து கழிகின்றது.

இவ்வொழுங்கு பிறழ்ந்தால் விளைவது யாது? 1901ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு 51 வயதுடைய பெண்மணி ஒருவர் அழைத்துவரப்பட்டார். தம் பெயரை எழுதுமாறு கூறியபோது அதனையும் எழுதி முடிக்க அவரால் இயலவில்லை. அவர் 1906இல் இறந்தபின், மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் அவர்தம் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்குள் சிக்குண்ட இழைகளையும், வெளியே படிந்த திட்டுகளையும் கண்டார். துணை உயிரணுக்களில் கொழுப்புத் திரண்டிருந்ததையும் குறித்துவைத்தார். முன்னைய இரண்டையும் உலகம் போற்றி ஆராய்ந்தது. மூன்றாவதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

1993இல் அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள் அச்சுமையாளிடமே ஒரு குறிப்பைக் கண்டனர். அப்போ-ஈ புரதத்தில் பெரும்பாலும் காணப்படுவன 2, 3, 4 என எண்ணிட்ட மூன்று வகைகள். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும் நமக்கு வருகின்றன. மூன்றாம் வகைக்கும் நான்காம் வகைக்கும் வேறுபாடு, 299 அமினோ அமிலங்களுள் ஒன்றே. அரம், அறம் என ஓரெழுத்துத் திரிந்தால் பொருளே திரிகின்றதன்றோ? நான்காம் வகையுடையாருக்கு ஆல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மிகுதி. எனினும், அதனைப் பெற்றோர் அனைவரும் நோயுறுவதில்லை. பெறாதோருள்ளும் நோயுற்றோர் பலர். எனவே அதனைத் தலையெழுத்து என்று கொள்ளுதல் பிழை.

நீமன்-பிக் 'சி' வகை என்னும் அரிய நோய் பெரும்பாலும் இளஞ்சிறாரைத் தாக்குவது. உயிரணுவின் செரிமானப் பைகளிலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றும் புரதம் பழுதுற, அஃது அங்கேயே தேங்குகின்றது. ஓடியாடிய சிறுவன் நடை தளர்கின்றான், பேச்சுக் குழறுகின்றான், கற்றவற்றை ஒவ்வொன்றாக இழக்கின்றான். முதியோர் நோயெனக் கருதப்படும் ஆல்சைமர் நோயிற் காணும் அதே சிக்குண்ட இழைகள், இந்நோயால் இறந்த இளையோர் மூளையிலும் காணப்பட்டுள்ளன.