லேப்டாப்பில் டிஜே: மேடை ஏறும் முன்

மிடி கன்ட்ரோலர் கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறது. பாட்டு ஓடுவது லேப்டாப்பில். அதனால் வாங்கும்போது, கன்ட்ரோலரிலேயே சவுண்ட் கார்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு ஒன்று, அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பார்க்க ஒன்று என இரண்டு தனித்தனி ஸ்டீரியோ அவுட்புட் கட்டாயம் வேண்டும்.

பட்டனை அழுத்தியபின் ஒலி பிந்தி வருகிறதா? பஃபரைக் குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் வைத்தால் பஃபரால் வரும் தாமதம் சுமார் 6 மில்லிசெகண்ட்தான். ரொம்பவும் குறைத்தால் ஒலி கரகரக்கும்; உடனே ஒரு படி ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் என்றால் கன்ட்ரோலர் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரையே போடுவது நல்லது.

பாடல்களை லேப்டாப்பிலேயே சேமித்துக்கொண்டு, நிகழ்ச்சியின்போது வைஃபையையும் அப்டேட்டையும் நிறுத்திவையுங்கள். யுஎஸ்பி கேபிளை ஹப்பில் வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகி, யார் காலிலும் சிக்காதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். லேப்டாப் நின்றுபோனால் சமாளிக்க, பாட்டு நிரப்பிய போன் ஒன்று மிக்ஸரில் தயாராக இருக்கட்டும்.