மலையேறும்போது இழுவை குறையும் பழைய கார்

சித்தூரிலிருந்து திருப்பதி வரை நெடுஞ்சாலையில் குறையேதுமின்றி ஓடிய பழைய பெட்ரோல் கார், திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் திடீரென இழுவை குறைந்து திணறுவதுண்டு. 1974-இல் திறக்கப்பட்ட இந்த இரண்டாம் பாதையே ஏறுவதற்குரியது; 1944-ஆம் ஆண்டின் முதற்பாதை இறங்குவதற்கு. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமெனப் பெருஞ்செலவுக்கு ஒப்புவதற்கு முன், ஓட்டுநர் எஞ்சினின் ஒலியைக் கவனித்திருத்தல் வேண்டும்.

ஆக்சிலேட்டரை அழுத்துகையில் ஒலி உயர்ந்தும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரக்கூடும். ஒலியே தளர்ந்து வண்டி குலுங்கினால் பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று குறைகிறது. முதலில் ஐயுற வேண்டியது பெட்ரோலையே. சமதளத்தில் எஞ்சினின் தேவை சிறிது. பாதி அடைபட்ட ஃபில்டர் வழியே வருவதே போதும். நால்வரைச் சுமந்து ஏற்றத்தில் செல்கையில் அது போதாது. அதனால்தான் மலையில் தோன்றும் பழுது பணிமனை வாசலில் மறைந்துவிடுகிறது! எங்கே, எந்தக் கியரில், எத்தனை பேருடன் நேர்ந்தது என்பதை மெக்கானிக்கிடம் கூறாவிடில், அவர் ஊகித்தே பாகங்களை மாற்ற நேரும்.

கார்புரேட்டர் வண்டிகளில், கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் தடைபடுவதும் உண்டு. எஞ்சின் குளிர்ந்தபின் அது சரியாகும். வளைவில் மட்டும் நிறுத்தலாகாது.

வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. செலவு முழுவதும் உரிமையாளருடையதே. ஆகவே பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகிய மலிவான மூன்றையும் முதலில் சோதித்து, மீண்டும் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே பெரிய வேலைக்கு இசைவு தருக.