பேல் ஏல் பருகும் முன்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக் கடைகளில் கிடைக்கும் பீர் பெரும்பாலும் லாகர். அதைப் பல் கூசும் குளிரில் குடித்துப் பழகியவர்களுக்கு, ஹாப்ஸ் பூ தூக்கலாகச் சேர்த்த பேல் ஏல் முதலில் வெறும் கசப்பாகத்தான் தெரியும். குளிர் கூடினால் வாசனை அமுங்கிவிடும். பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். 7 முதல் 10 டிகிரி போதும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் வைத்தால் சூடாகிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கில்லாத கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. முதலில் மோந்து பாருங்கள்: அமெரிக்க ஹாப்ஸ் என்றால் நார்த்தங்காய்த் தோல், மாம்பழம், பைன் மர வாசம் வரும். 1972-இல் வெளியான கேஸ்கேட் ரகம் இதற்குப் பேர்போனது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் சரக்கு பழசு. அழுகல் நெடி வந்தால் பாட்டிலில் வெளிச்சம் பட்டிருக்கிறது. வாசலோரம் வெயிலில் அடுக்கிய பாட்டிலைத் தொடாதீர்கள். தயாரிப்புத் தேதி அவசியம் பாருங்கள். ஹாப்ஸ் வாசம் சில மாதங்களிலேயே மங்கும், காத்திருந்தால் மெருகேற இது ஒயின் இல்லை.

கசப்பு நாக்கில் பட்டு, மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தின் இனிப்போடு கலந்து, சுத்தமாக விலக வேண்டும். தொண்டையில் கரகரவென்று ஒட்டிக்கொண்டால் அது நல்ல பீர் அல்ல, என்ன விலை கொடுத்திருந்தாலும்.

கூடவே மிளகாய் பஜ்ஜி வேண்டாம். கசப்பு காரத்தை ஏற்றிவிடும். வறுத்த வேர்க்கடலை போதும்.

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டுவது குற்றம். வெளியே போய்க் குடித்தால் ஆட்டோவில் வீடு திரும்புங்கள்.