ஏப்ரல் வெயிலுக்கு ஒரு பூங்கா

மைசூருக்கு வெளியே எழும் புது லேஅவுட் ஒன்றுக்குப் பூங்காக்கள் வரையும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம், கண்ணு. மரம், மண், மேஸ்திரி, அதிகாரி என்று எல்லோரோடும் மல்லுக்கட்டியே வயதானவன் நான். தொழில்நுட்பத்தை உன் கல்லூரி என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருக்கும். கல்லூரியில் கேட்டிருக்க மாட்டாய் என்று தோன்றுகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள். பிடிக்காததற்கு மாமாவோடு சண்டை போடு.

1. வரைபடத்தைத் தொடுமுன் நிலத்துக்குப் போ. ஏப்ரலில், பிற்பகல் மூன்று மணிக்குப் போ. காலை ஆறு மணிக்கு எந்தப் பூங்காவும் அழகாகத்தான் இருக்கும்; அந்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் அதிகம். மூன்று மணிக்கு அங்கே வருகிறவர்கள் வேறு ஆட்கள். பார்சல் கொண்டுவரும் பையன், வீட்டுவேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகுமுன் கால் நீட்ட இடம் தேடும் பெண், கட்டட வேலைக்கு வந்தவளின் கைக்குழந்தை, பகலெல்லாம் மகன் வீட்டில் அடைந்து கிடக்கக் கூச்சப்படும் பெரியவர். காலையில் நடக்க வருகிறவர்கள் சங்கம் வைத்திருப்பார்கள், மனுக் கொடுப்பார்கள், உன் மேலதிகாரிக்கு அவர்களைத் தெரியும். மூன்று மணிக்காரர்களுக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள். அவர்கள் பக்கம் நீ நில்.

2. ஏற்கெனவே நிற்கும் மரத்தை மதி. மைசூரைச் சுற்றிய கிராமங்களில் குண்டுதோப்பு என்று ஒன்று இருந்தது. புளியும் மாவும் நாவலுமாக ஊருக்குப் பொதுவான தோப்பு. சந்தைக்குப் போகிறவர் இளைப்பாறவும் மாடு கட்டவும் அதுதான் இடம். அரச மரத்தைச் சுற்றிக் கல் கட்டை எழுப்பி, அதில் உட்கார்ந்து ஊர்ப்பஞ்சாயத்து பேசினார்கள். யாரும் ‘டிசைன்’ என்று சொல்லாமலே செய்த வேலை அது. லேஅவுட் வரும்போது முதலில் விழுவதும் அந்தத் தோப்புதான், சதுரக் கட்டத்துக்குள் மரம் அடங்காதே! சாலையை நாலு அடி வளைத்தால் நூறு வருட மரம் பிழைக்கும் என்றால் வளைக்கச் சொல். இன்ஜினியர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பணிவாக, ஆனால் விடாமல் சொல்.

3. பூவுக்கு மயங்காதே. ஒரு பழைய பூங்காவில் குல்மொஹர் வரிசையின் கீழே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். மார்ச் மாதத்தில் அந்த மரத்தில் இலையே இருக்காது. பெஞ்சுகள் எல்லாம் காலியாகக் காய்ந்து கிடக்க, பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி தள்ளி நின்ற புங்க மரத்தடியில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். புங்கம் கோடையின் தொடக்கத்தில் கொஞ்ச நாள் இலை உதிர்த்துவிட்டு, வெயில் உக்கிரமாகும் சமயத்தில் பளபளவென்று தளிர்த்து நிற்கும். வேம்பும் ஏறக்குறைய அப்படித்தான். நாவலும் மகிழமும் பெரும்பாலும் பச்சை மாறாதவை. இளஞ்சிவப்புத் தபேபூயா பூக்கும்போது படமெடுக்கக் கூட்டம் வரும், ஆனால் அந்த நேரம் அதன் கிளைகள் மொட்டை.

ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் குரும்பிகல், 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர், பெங்களூரில் தெருவுக்கு ஒரு வகை மரம் என்று வைத்து வருடம் முழுக்க எங்கேயாவது ஏதாவது பூத்திருக்கும்படி செய்தார். அழகான யோசனை, தெருவுக்குப் பொருந்தும். பூங்காவில் உட்காரும் இடத்துக்கு நீ வேறு ஒரு நாள்காட்டி எழுது: எந்த மரம் எந்த மாதம் இலையில்லாமல் நிற்கும் என்று. ஒன்று உதிர்க்கும்போது பக்கத்தில் இன்னொன்று தழைத்திருக்கட்டும். குல்மொஹரையும் வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. தள்ளி நின்று பார்க்கிற இடத்தில் வை.

4. வெளிநாட்டுப் புத்தகத்தின் சூரியனை நம்பாதே. அந்தப் புத்தகங்களில் வெயில் தெற்கிலிருந்தே வரும். மைசூர் இருப்பது வட அட்சரேகை 12 பாகையைச் சற்றுத் தாண்டி. ஏப்ரல் நான்காம் வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும்; அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகலில் அது உச்சிக்கு வடக்கே இருக்கும். அதனால் உச்சிவேளை நிழல் மரத்தடியிலேயே விழும், பிற்பகல் நிழல் கிழக்கே நீளும். பெஞ்சுக்கு மேற்கே மரம் வை. இது சின்ன விஷயம்தான். ஆனாலும் எத்தனை பூங்காக்களில் பெஞ்ச் ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமுமாகக் கிடக்கின்றன, போய்ப் பார்.

5. வேருக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. புது லேஅவுட் மண் மண்ணே இல்லை. மேல்மண்ணை வழித்துவிட்டு உடைந்த செங்கல்லையும் ஜல்லியையும் போட்டு ரோலர் ஓட்டியிருப்பார்கள். அதில் ஒரு சாண் தோண்டிக் கன்றைச் சொருகிவிட்டு, ‘நட்டாச்சு’ என்று பில் போடுவார்கள். குறைந்தது ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டு. நர்சரியில் உயரத்தைப் பார்க்காதே. பிளாஸ்டிக் பையைக் கிழித்து வேர் சுருண்டிருக்கிறதா என்று பார். சுருண்ட வேர் சில வருடங்கள் கழித்து மரத்தைத் தானே நெரிக்கும். அடிமரம்வரை இன்டர்லாக் கல் பதிக்க ஒப்பந்தக்காரர் துடிப்பார், சதுர அடிக்குத்தானே அவருக்குக் காசு! டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த உத்தரவின் நகலைப் பையில் வைத்துக்கொள். வாதாடுவதைவிட நீட்டுவது சுலபம்.

6. தோட்டக்காரரிடம் கேள். பெங்களூரின் பழைய தோட்டக்காரச் சமூகம் திகளர். அவர்களில் ஒரு பிரிவினர் வீட்டில் பேசுவது ஒருவகைத் தமிழ் என்பதால் எனக்கு அவர்களோடு பேச்சு எளிதில் ஒட்டிக்கொண்டது. எந்தத் துளிர் தண்ணீருக்கு ஏங்குகிறது, எது அதிகத் தண்ணீரால் வாடுகிறது என்பதை ஒரு முதியவர் இலையைத் தொட்டே சொல்வார். நான் பட்டம் வாங்கிய பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் ஊற்றப் போகிறவரை ‘நீங்க’ என்று கூப்பிடு. வரைபடத்தை அவரிடம் காட்டு. குழாய் எங்கே வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தொலைவில் குழாய் வைத்தால் தூரத்து மரம் செத்துப்போகும். காரணம் அவ்வளவுதான்.

7. நிரப்பாதே. பிருந்தாவன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் நீரூற்று ஆசை பிடித்துவிடும். கிருஷ்ணராஜசாகர் அணையடியில் 1927இல் தொடங்கி 1932இல் முடித்த தோட்டம் அது. அப்போது திவான் மிர்சா இஸ்மாயில். படிப்படியாக இறங்கும் தளங்கள், காஷ்மீரின் ஷாலிமார் தோட்டம் முன்மாதிரி. வெளியூர்க்காரர்கள் மாலையில் விளக்குக்காக வந்து போகிற இடம். அதற்கு அது சரி. உன் லேஅவுட் பூங்காவுக்குத் தினமும் அதே ஆட்கள் வருவார்கள். அங்கே செயற்கை அருவி, சிமெண்டு மான், குடில், தண்ணீர் குடிக்கும் புல்தரை என்று அடைத்தால் மரத்துக்கு இடம் எங்கே? மோட்டார் ரிப்பேரான நீரூற்று கொசு வளர்க்கும்.

8. தண்ணீரின் பழைய வழியைக் கேட்டுத் தெரிந்துகொள். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1828இல் வெட்டிய லிங்காம்புதி ஏரி இன்று ராமகிருஷ்ணநகர், ஸ்ரீராம்புரம் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. 1864இன் குக்கரஹள்ளி ஏரி இன்றைக்கும் நகரத்தின் மிகச் சிறந்த நடைவெளி. கன்னடக் கவிஞர் குவெம்பு நடந்த கரை. இரண்டுக்கும் வந்த ஆபத்து கரையில் தொடங்கவில்லை. தொலைவில் யாரோ ஒரு வாய்க்காலை மூடி மனை போட்டதில் தொடங்கியது. வருடத்துக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிற ஊர் இது. உன் நிலத்தின் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து, பூங்காவை அங்கே வை. மழைநீர் வந்து தேங்கி இறங்கட்டும். போர்வெல் தண்ணீருக்குக் கை ஏந்துவது குறையும். வழக்கத்தில் நடப்பது என்ன தெரியுமா? விற்காத மூலையைப் பூங்கா என்று எழுதிவிடுவார்கள்.

9. பூட்டை எதிர்த்துப் பேசு. நம் ஊர்ப் பூங்காக்களில் பலவற்றைக் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலையில் திறப்பார்கள். நிழல் தேவைப்படுகிற நேரம் முழுவதும் நிழல் சிறையில்! ‘காதலர்கள் வருவார்கள், குடிகாரர்கள் வருவார்கள்’ என்பார்கள். பெண்களும் குழந்தைகளும் வந்து உட்கார்ந்தால் குடிகாரன் தானே வேறு இடம் பார்ப்பான். பெங்களூரில் 2024இல் காலை 5 முதல் இரவு 10 வரை மாநகராட்சிப் பூங்காக்களைத் திறந்து வைக்க முடிவெடுத்தார்கள். கழிப்பறையும் குடிநீரும் வெளியிலிருந்து உள்ளே பார்க்கும்படியான தாழ்ந்த வேலியும் உன் வரைபடத்தில் இருந்தால், ‘திறந்து வையுங்கள்’ என்று கேட்க உனக்கும் வாய் இருக்கும்.

10. நிலத்தைக் காகிதத்தில் காப்பாற்று. பெங்களூர் ராஜமஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டத் தூக்கிக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒதுக்கீடு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1991இல் உறுதி செய்தது. கர்நாடகத்தில் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1985ஆம் வருடச் சட்டம் ஒன்றும், மரங்களுக்கு 1976ஆம் வருடச் சட்டம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் படி. எல்லைக் கற்களை நட்டுப் படம் எடுத்து வை. பிற்காலத்தில் யாரோ ஒரு பாட்டி நீதிமன்றப் படியேற வேண்டி வந்தால் உன் படம் அவளுக்குக் கை கொடுக்கும்.

11. கோபத்தைச் சேமித்து வை. 2025 ஏப்ரலில் மைசூர் ஹைதர் அலி சாலையை அகலப்படுத்த ஏறக்குறைய 40 மரங்களை இரவோடு இரவாக வெட்டினார்கள். ஊர் கொதித்தது. எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தச் சாலையைப் போலவே நிழல் தரும் சாலை உண்டாக உனக்கு முப்பது வருடம் வேண்டும். அதற்குள் நீ பத்து மேலதிகாரிகளோடு வேலை செய்திருப்பாய். ஒவ்வொருவரிடமும் எரிந்து விழுந்தால் எந்த மரத்துக்கும் குழி வெட்ட அனுமதி கிடைக்காது. கத்த வேண்டிய இடம் வரும். அப்போது கத்து, நானும் வந்து கத்துகிறேன்.

12. திறப்பு விழாவுக்காக வேலை செய்யாதே. அமைச்சர் வரும் நாளுக்கு வளர்ந்த மரம் வேண்டும் என்பார்கள். கிரேனில் கொண்டுவந்து நட்டுவிட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ரூபாய் ஒதுக்க மாட்டார்கள். நடும் செலவைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த மூன்று கோடைத் தண்ணீரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. கன்று வளரும்வரை மூன்று மணிக்காரர்கள் வெயிலில் காயக்கூடாது; மூங்கில் பந்தல் போட்டு, வேகமாகப் படரும் கொடி ஒன்றை ஏற்றிவிடு. மரம் தழைத்ததும் பந்தலைப் பிரித்துக்கொள்ளலாம்.

தென்மேற்குப் பருவம் ஜூனில் வரும். குழிகளை மே மாதமே வெட்டி ஆறப்போடு, புங்கக் கன்றுக்கு நர்சரியில் இப்போதே சொல்லி வை. வரைபடத்தை முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு, கண்ணு. பெஞ்சு எந்தப் பக்கம் என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.